பதினொரு மணி டீயும் இரும்பு மாத்திரையும்

வாசகி கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டாவது கர்ப்பம், இப்போது 21 வாரம். மூத்தவளுக்கு மூன்று வயது, அவள் சுகப்பிரசவம். வாந்தியெல்லாம் நின்று இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் ரத்தம் 9.4தான் இருக்கிறது என்றார்கள். இரும்பு மாத்திரை ஒன்று தினமும் போடச் சொன்னார்கள். வீட்டில் மறந்துபோகிறது என்று கம்பெனியில் பதினொரு மணி டீயோடு போடுகிறேன். மலம் கருப்பாக, கட்டியாகப் போகிறது. இந்த மாத்திரை போட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று அத்தை சொல்வதால் சில நாள் போடுவதே இல்லை. ஸ்கேனில் நச்சு (நஞ்சுக்கொடி) கீழே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது. மூத்தவள் எந்நேரமும் தூக்கச் சொல்கிறாள். ராத்திரி என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். வீட்டுக்காரர் ஒத்தாசையாக இருப்பார். ஏழாம் மாதத்தில் அம்மா வீட்டுக்கு, தென்காசிக்குப் போய்விடலாமா? இல்லை வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, நச்சு கீழே இருப்பதைப் பெரிய கவலையாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை டீயோடு போடுவதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் உடனே மாற்ற வேண்டியது இந்த இரண்டாவதுதான். அதை முதலில் பார்ப்போம்.

கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதில் நீர்ப்பகுதி வேகமாகக் கூடும், சிவப்பணுக்கள் மெதுவாகத்தான் கூடும். அதனால் நடு மாதங்களில் ஹீமோகுளோபின் எல்லோருக்கும் கொஞ்சம் இறங்கும். ஆனால் 11க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தர ரத்தசோகை என்பது அரசு மருத்துவமனைகளின் கணக்கு, உங்கள் 9.4 அதற்குள் வருகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும். குழந்தை தன் பங்கில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில்தான் இழுத்துக்கொள்ளும். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். 12 இருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். 8 இருப்பவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். இப்போது உங்களுக்கு நான்கு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது, மாத்திரையாலேயே ஏற்றிவிடலாம். 34 வாரத்துக்கு மேல் இதே அளவோடு வந்தால் மாத்திரைக்கு நேரம் போதாது, நரம்பு வழியாக இரும்பு ஏற்றத்தான் வேண்டியிருக்கும். ‘வாந்தி நின்றது, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று இந்த மாதங்களை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

டீயிலும் காபியிலும் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச விடாது. பாலும் கால்சியம் மாத்திரையும் தடை செய்யும். நீங்கள் தினமும் மாத்திரை போட்டிருந்தாலும் அதில் பெரும்பகுதி வீணாகப் போயிருக்கும். மலம் கருப்பாவது உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால். அதனால் கெடுதல் இல்லை.

அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தசோகை இல்லாதவருக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. 11க்குக் கீழே இருந்தால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு தருவார்கள். உங்களுக்கு ஒன்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்றால், 9.4 என்ற சீட்டைக் காட்டி, ‘இரண்டாக்கணுமா?’ என்று இந்த வாரமே கேளுங்கள். தனியார் மாத்திரையாக இருந்தால் அட்டையில் ‘எலிமென்டல் அயர்ன்’, அதாவது உள்ளே இருக்கும் இரும்பு மட்டும், எவ்வளவு என்று பாருங்கள், இரும்பு உப்பின் மொத்த எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, கூட அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீர் ஒரு டம்ளர், அல்லது ஒரு பெரிய நெல்லிக்காய். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். அதன் பிறகு ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். பதினொரு மணி டீயைத் தாராளமாகக் குடியுங்கள், அதோடு மாத்திரை மட்டும் வேண்டாம். கால்சியம் மாத்திரை 500 மில்லிகிராம் தினம் இரண்டு தந்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. எட்டு மணிக்குச் சாப்பிட்டால், இரண்டாவது இரும்பு மாத்திரை பத்து மணிக்கு. போட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள், இல்லையென்றால் நெஞ்சு எரியும். மறக்காமல் இருக்க அட்டையைப் பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள், ஆனால் மூத்தவள் கைக்கு எட்டாத உயரத்தில். இதில் விளையாட்டு வேண்டாம். சிவப்பாக மிட்டாய் போலிருக்கும் இரும்பு மாத்திரைகளைச் சிறு குழந்தை நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தைராய்டு மாத்திரையும் போடுகிறவர்கள் அதற்கும் இரும்புக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும்.

வெறும் வயிற்றில் குமட்டினால் விட்டுவிட வேண்டாம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடலாம். கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்பட்டாலும், போடாமல் விடுவதை விட அது எவ்வளவோ மேல்.

மலச்சிக்கலுக்கு மாத்திரை மட்டும் காரணமல்ல. கர்ப்ப கால ஹார்மோன் குடலின் ஓட்டத்தையே மெதுவாக்குகிறது. நின்று வேலை செய்பவர்கள் பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், அதுவும் சேர்ந்துகொள்ளும். நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், தினம் ஒரு கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய், ஒரு கொய்யா என்று பத்து நாள் பாருங்கள். தீராவிட்டால் இரவில் இரண்டு தேக்கரண்டி இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம். ஆனால் அதை மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் மருத்துவர் லாக்டுலோஸ் சிரப் எழுதுவார். விளக்கெண்ணெய், நிலாவரைப் பொடி இரண்டையும் நீங்களாக எடுக்கக் கூடாது.

நான்கு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். ஒழுங்காகப் போட்டிருந்தால் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும், தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) கூறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல் 400, நடு மாதங்களில் ஒரு முறை தருவது வழக்கம். இன்னும் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். குடலில் கொக்கிப்புழு இருந்தால் போடுகிற இரும்பு எல்லாம் அதற்கே போகும்.

சாப்பாட்டில் ஒரு தவறு பல வீடுகளில் நடக்கிறது. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறும் என்று பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளை வாங்கும் காசுக்கு முட்டை, நெத்திலி, கம்பு, எள், கறுப்புக் கொண்டைக்கடலை வாங்கலாம். கறி சாப்பிடும் வீடாக இருந்தால், நம் ஊரில் ரத்தம் ஊற என்று கொடுக்கும் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) உண்மையிலேயே இரும்பு நிறைந்தது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஈரலை மட்டும் அடிக்கடி வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தில் அது அளவுக்கு மீறக் கூடாது.

அத்தை சொன்னதற்கு வருகிறேன். பிள்ளையின் நிறம் அம்மா அப்பாவின் மரபணுவில் முடிவானது. மாத்திரையால் கருக்காது, குங்குமப்பூவால் வெளுக்காது. இதை நீங்கள் வீட்டில் வாதாடினால் மனஸ்தாபம்தான் வரும். அடுத்த செக்கப்புக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரத்தச் சீட்டைக் காட்டி, ‘இவங்களுக்கு ரத்தம் குறைச்சல், ரெண்டு உயிருக்கும் வேணும்’ என்று நர்ஸ் சொல்வதை அவர் காதால் கேட்கட்டும். பயத்தில் தடுக்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்லி, ‘வேளாவேளைக்கு ஞாபகப்படுத்துங்க அத்தை’ என்று பொறுப்பையும் கொடுத்தால், பெரும்பாலும் அவர்களே காவலாகிவிடுவார்கள்.

இனி நச்சு. ஐந்தாம் மாத ஸ்கேனில் நச்சு கீழே இருப்பது பலருக்கும் வரும். நச்சு ஒட்டிய இடத்தை விட்டு நகராது. கடைசி மூன்று மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு வளரும்போது அந்த இடமே மேலே போய்விடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இப்படிச் சரியாகிவிடும். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்: நச்சின் கீழ் ஓரத்துக்கும் கருப்பை வாயின் உள்துளைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். 20க்குக் குறைவு என்றால் கீழே இருக்கிறது என்று பொருள், வாயையே மூடியிருந்தால் அதைத் தனியாக எழுதுவார்கள். 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன், அப்போதும் கீழே இருந்தால் 36 வாரத்தில் இன்னொன்று. அதுவரை படுத்தே கிடக்க வேண்டியதில்லை. உடலுறவைத் தவிர்க்கச் சொல்வார்கள், கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மனதில் பதியுங்கள்: வலியே இல்லாமல் ரத்தம் பட்டாலும், கொஞ்சம்தானே என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் இடத்தில் ‘எனக்கு நச்சு கீழே இருக்கு’ என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும், விரல் விட்டுச் சோதிப்பதற்கு முன்பே. உள் சோதனையால் ரத்தப்போக்கு கூடிவிடும். ஸ்கேன் தாள் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

முதல் பிரசவம் சிசேரியனாக இருந்த வாசகிகளுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கும் நச்சு கீழே என்று வந்தால், அது பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அப்படி இருந்தால் பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான்.

வேலையை விட வேண்டாம் என்பதே என் கருத்து. சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், இரண்டாவது குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எதையும் முடிவு செய்யும் முன் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். செக்கிங் டேபிளில் நிற்கும்போது காலடியில் அரை அடி உயரப் பெட்டி ஒன்றை வைத்து, கால் மாற்றி மாற்றி ஏற்றி நின்றால் இடுப்பு வலி குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்காருங்கள். ரத்தம் ஏறும் வரை மூச்சு வாங்கும், தலை சுற்றும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றித் தர மருத்துவர் சீட்டு கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மூத்தவளைத் தூக்கினால் கரு கலைந்துவிடும் என்பதில்லை. ஆனால் 13, 14 கிலோவை ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு சமைப்பது இடுப்பெலும்பு மூட்டுகளைப் பாடாய்ப் படுத்தும். கர்ப்பத்தில் அந்த மூட்டுகள் தளர்ந்திருக்கும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் குனிந்து தூக்காதீர்கள். அவளை நாற்காலியில் ஏறச் சொல்லி, அங்கிருந்து மார்போடு அணைத்துத் தூக்குங்கள். மற்ற நேரம் நீங்கள் கட்டிலில் உட்காருங்கள், அவள் ஏறி மடியில் வரட்டும். அவளுக்கு வேண்டியது உயரம் இல்லை, உங்கள் மேல் சாய்ந்திருப்பது. ‘வயித்துல பாப்பா இருக்கு, அதனால தூக்க மாட்டேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறக்கும் முன்பே பாப்பா அவளுக்குப் போட்டியாகிவிடும். ‘அம்மாவுக்கு முதுகு வலிக்குது, வா உட்கார்ந்து கட்டிக்கலாம்’ என்றால் போதும்.

காதைப் பிடித்துத் தூங்கும் பழக்கத்தை இப்போதே மாற்றத் தொடங்குங்கள். ஒன்பதாம் மாதம் வரை விட்டு, பிரசவத்தன்று திடீரென்று பிரித்தால் அவள் பாடு திண்டாட்டம். முதல் வாரம் அவள் நடுவில், நீங்கள் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம். கதை சொல்வது, தட்டிக்கொடுப்பது எல்லாம் அப்பா. காது உங்களுடையதாகவே இருக்கட்டும். இரண்டாம் வாரம் அப்பா நடுவில் வர வேண்டும். அவள் கை உங்கள் காதைத் தேடி நீளும், அப்பாவின் காதுதான் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் அழுவாள், அப்பா எழுந்து போகாமல் அங்கேயே படுத்திருக்க வேண்டும். மூன்றாம் வாரம் அவள் தூங்கும் வரை நீங்கள் அதே அறையில் சும்மா உட்கார்ந்திருங்கள், பிறகு அதுவும் வேண்டியிருக்காது. காய்ச்சல், ஊருக்குப் போவது என்று வந்தால் ஒரு வாரம் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பள்ளியில் சேர்ப்பதையும் இதையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். படுக்கையை நனைக்கத் தொடங்கினாலோ மழலையாகப் பேசினாலோ திட்ட வேண்டாம். குட்டிக் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளைகள் இப்படிச் சில வாரம் பின்னால் போய்விட்டுத் திரும்புவார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு வேலை செய்வார்கள், இரண்டையும் நிறுத்துங்கள். ஒன்று, ‘பாப்பா வந்துட்டா உன்னை வெளியே படுக்கப் போட்டுருவாங்க’ என்று சீண்டுவது. மூன்று வயதுக்கு அது வேடிக்கை இல்லை, செய்தி. இன்னொன்று, ‘உள்ளே தம்பியா, தங்கச்சியா, சொல்லு’ என்று அவளைக் குறி கேட்பது. அவள் ‘தம்பி’ என்றால் கொண்டாடுவதும் ‘தங்கச்சி’ என்றால் முகம் சுளிப்பதும் அந்தப் பிஞ்சு மனதில் தன்னைப் பற்றியே ஒரு கணக்கை எழுதிவிடும். அவளும் பெண்தானே. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம்.

தென்காசிக்குப் போவது பற்றி: முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை, இரண்டாவதுக்குப் பல வீடுகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஏழாம் மாதம் என்றால் 28 வாரம், உங்கள் மறு ஸ்கேன் 32 வாரத்தில். நச்சு எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையில் ஏழெட்டு மணி நேரப் பயணம் வேண்டாம். மூத்தவளும் அப்பாவையும் வீட்டையும் ஒரே சமயத்தில் விட்டு, பிறகு தங்கை தம்பி என்று இன்னொரு மாற்றத்தையும் தாங்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் நீங்கள் போவதற்குப் பதில் அம்மாவை 36 வாரத்தில் இங்கே வரவழையுங்கள். கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால் 32 வார ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இங்குள்ள மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிக்மி எண்ணோடு (அரசின் கர்ப்பப் பதிவு எண்) போங்கள். அங்குள்ள கிராம சுகாதார செவிலியர் அந்த எண்ணிலேயே தொடர்வார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாய் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) முதல் இரண்டு பிரசவத்துக்கும் உண்டு, அதற்கும் இந்த எண்தான் வேண்டும்.

24 வாரம் தொடங்கியதும் சர்க்கரைப் பரிசோதனை ஒன்று வரும். முதல் மாதங்களில் பார்த்துவிட்டார்களே என்று விடக் கூடாது, நச்சு சுரக்கும் ஹார்மோன்களால் சர்க்கரை கூடுவது இப்போதுதான். 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த இந்த முறைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டிய கட்டாயம் இல்லை. குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். டிடி ஊசியும் கேளுங்கள்: முந்தைய கர்ப்பத்தில் இரண்டு போட்டு மூன்று வருடத்துக்குள் மறுபடி கர்ப்பமானவருக்கு ஒரு ஊசி போதும்.

துள்ளல் இரண்டாவது கர்ப்பத்தில் 16 வாரத்திலிருந்தே தெரியலாம். நச்சு முன்பக்கம் இருந்தால் தாமதமாகும். 24 வாரம் வரை எதுவுமே தெரியவில்லை என்றால் போய்க் காட்டுங்கள். சட்டென்று திரும்பிப் படுக்கும்போது அடிவயிற்று ஓரத்தில் சுருக்கென்று குத்துவது கருப்பையைத் தாங்கும் நார்கள் இழுபடுவதால், பயமில்லை. முழங்காலை மடித்து, கையை ஊன்றிப் புரளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை இவை: ரத்தம் படுவது, நீராகக் கசிவது, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சல், முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, வயிற்றில் பலமாக அடிபடுவது. மூத்தவள் தூக்கத்தில் உதைப்பதெல்லாம் இதில் சேராது, பனிக்குட நீர் அதைத் தாங்கிக்கொள்ளும். மேலே சொன்னவற்றில் எதுவானாலும் 108. அந்த நேரத்தில் மூத்தவளை யார் வைத்துக்கொள்வது என்று இப்போதே பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் அவளை அங்கே விட்டுப் பழக்குங்கள். அப்படிச் செய்தால் நடுராத்திரியில் வண்டி வந்து நிற்கும்போது தெரியாத வீட்டு வாசலில் அவள் அழுதுகொண்டு நிற்க மாட்டாள்.